மேட்ரனின் கட்டைவிரல்

போன வாரம் மதுரையில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தேன். "செவிலியர் தலைமைப் பண்பு" என்று வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். ஏசி அரங்கம், மெத்தை வைத்த நாற்காலி, இடைவேளைக்கு முந்திரி பிஸ்கட். கோட்டு போட்ட ஒருவர் திரையில் ஒரு முக்கோணத்தைக் காட்டி, உச்சியில் இருப்பவர் அடியில் இருப்பவர்களை எப்படி ஊக்கப்படுத்த வேண்டும் என்று விளக்கினார். மனிதர் வாழ்க்கையில் ஒரு நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்திருக்க மாட்டார். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். எழுந்தேன்.

"நீங்க எந்த நர்ஸோட காலையாவது அமுக்கிப் பாத்திருக்கீகளா சார்?"

அரங்கமே சிரித்தது. கோட்டுக்காரரும் சிரித்து, அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நான் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. என்னுடைய மேட்ரன் அமுக்கிப் பார்ப்பார்.

விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற வழியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும், அந்த ஒரு காரியத்தில் மட்டும் அவர்களுக்குச் சுறுசுறுப்பு அதிகம். நான் அங்கே தீக்காய வார்டில் பொறுப்பு நர்ஸாக இருந்தேன். ஆண் நர்ஸ் என்பதால் நோயாளிகளுக்கு நான் 'பிரதர்'. மேட்ரனுக்கு 'ஏலே'. அவருடைய அறைக் கதவில் 'தலைமைச் செவிலிய அதிகாரி' என்று பித்தளைப் பலகை மாட்டியிருந்தார்கள். நாங்கள் பழைய பழக்கத்தில் மேட்ரன் என்றே சொல்வோம். அந்தப் பித்தளைப் பலகைக்குப் பின்னால் அவரைப் பார்த்தவர்கள் குறைவு.

டூட்டி முடிகிற நேரத்தில் வார்டுக்குள் வருவார். சாத்தூர்க்காரர், தடித்த உடம்பு, சேலைக்கு மேல் வெள்ளைக் கோட்டு. யாராவது ஒரு நர்ஸைப் பிடித்து, "காலை நீட்டு" என்பார். குனிந்து, கணுக்காலுக்கு மேலே முன்எலும்பில் கட்டைவிரலை வைத்து அழுத்துவார். விரலை எடுத்த இடத்தில் குழி விழுந்திருந்தால், அது மேடேறும் வரை குனிந்தபடியே பார்ப்பார். இருதயக் கோளாறு, கிட்னிக் கோளாறு உள்ளவர்களுக்கு உடம்பில் நீர் கோத்திருக்கிறதா என்று நாங்கள் பார்க்கிற அதே முறைதான். அதை அவர் நர்ஸ்களிடம் பார்த்தார். நின்று நின்று வீங்கிய கால்களில் குழி விழும். சட்டென்று மேடேறினால் மறுநாளும் அதே டூட்டி. மெதுவாக ஏறினால் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மாற்றுவார். ஏறாமல் அடம்பிடித்தால், "வீட்டுக்குப் போயி காலை ஒசத்தி வச்சுப் படு. ஒன் மாமியா ஏதும் சொன்னா எனக்குப் போன் போடு" என்பார். இரண்டு மாமியார்களுடன் அவர் போனில் பேசியதை நானே கேட்டிருக்கிறேன். அந்த மாமியார்களை நினைத்தால் இன்றைக்கும் பாவமாக இருக்கிறது.

"மேடம் காலைப் பாத்து ரோஸ்டர் போடுறாங்களாம்" என்று நிர்வாகத்தில் கேலி பேசினார்கள். அது அவர் காதுக்கும் வந்தது. என்னிடம்தான் கொட்டினார்.

"பேசண்டுக்கு ஒரு நாயம், நர்ஸுக்கு ஒரு நாயமாலே? ஒருத்தரு என்ன நெலமையில இருக்காகன்னு மொதல்ல பாக்கணும், கேக்கணும், தொடணும். பெறகுதான் முடிவு. வார்டுல நீ இதைச் செய்யாட்டி ஒன்னய உண்டு இல்லன்னு ஆக்கிருவேன். பெரிய ரூம்ல உக்காந்ததும் நான் மட்டும் இதை மறந்துறணுமா?"

அவருக்குத் தெரிந்த நிர்வாகம் அவ்வளவுதான். படுக்கைப் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டதை மாடி அறைக்கும் எடுத்துக்கொண்டு போனார். மாடி அறைக்காரர்களுக்கு அதுதான் பிடிக்கவில்லை.

நாற்காலிச் சண்டையைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி டைரக்டர்களில் ஒருவர் ஒருநாள் சுற்றிப் பார்க்க வந்தார். தீக்காய வார்டில் ஒரு சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து குனிந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தது அவர் கண்ணில் பட்டுவிட்டது. மறுநாள் வார்டுகளில் இருந்த நாற்காலி எல்லாம் ஸ்டோருக்குப் போய்விட்டன. நர்ஸ் உட்கார்ந்திருந்தால் ஆஸ்பத்திரியில் வேலை இல்லாததுபோல் தெரியுமாம். இதை எங்களிடம் அறிவித்த நிர்வாகி, சுழல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அப்படியும் இப்படியும் திரும்பியபடியே அறிவித்தார்.

மேட்ரன் தன் அறையிலிருந்த மெத்தை நாற்காலியை லிஃப்டில் உருட்டிக்கொண்டு வந்து எங்கள் வார்டில் விட்டுவிட்டுப் போனார். அதன்பிறகு மாடியில் அவர் நின்றுகொண்டே கோப்பு பார்த்தார். வருகிறவர்கள் எல்லாம் "உக்காருங்க மேடம்" என்று சங்கடப்பட, "எங்கன உக்கார? எம் பிள்ளைக நிக்குதுக" என்பார். செக்யூரிட்டி வந்து நாற்காலியை மேலே கொண்டுபோவார், மேட்ரன் திரும்பக் கீழே கொண்டுவருவார். பல மாதங்கள் அந்த நாற்காலிக்கு லிஃப்டிலேயே பொழுது போனது.

அவர் சாந்த சொரூபி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கோபம் வந்தால் கை கழுவுவார். அதுதான் அடையாளம். சோப்புப் போட்டு, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு, முழங்கை வரை, ஆபரேஷனுக்குப் போகிறவர் மாதிரி தேய்ப்பார். குழாய் ரொம்ப நேரம் ஓடினால் வார்டில் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்ப்பதுபோல் பாவனை செய்வோம். ஒருமுறை ஒரு சர்ஜன், அவசரம் என்று, வலி ஊசி வேலை செய்வதற்கு முன்பே ஒரு பெண்ணின் தொடைக்கட்டைப் பிய்க்கப் போனார். மேட்ரன் கையைக் கழுவிவிட்டு வந்து கட்டிலுக்கும் சர்ஜனுக்கும் நடுவில் நின்றார். "ஊசி வேலை செய்யட்டும் டாக்டர். அதுவரைக்கும் நான் இங்கனதான் நிப்பேன், நீங்களும் நில்லுங்க." நின்றார்கள். அந்தப் பெண் கட்டிலில் கிடந்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கை கழுவுகிற விஷயத்தில் நிர்வாகமும் கெட்டிதான். ஆனால் அது வேறு கழுவல்.

புதிதாக வேலைக்குச் சேருகிற நர்ஸ்களுக்கு முதல் நாள் வகுப்பு மேட்ரன்தான் எடுப்பார். எடுத்தவுடன் கேட்பது ஒரே கேள்வி. "மருந்துன்னா என்ன?"

வெளியூர்ப் பிள்ளைகள் மாத்திரை, டானிக், ஊசி என்று அடுக்குவார்கள். மேட்ரன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார்.

"இங்கன மருந்துன்னா வெடிக்கிறது. மருந்து கலக்குறது, மருந்து அடைக்கிறது, மருந்து காய வைக்கிறது. பட்டாசுக் கம்பெனிக்குப் போற சனம் வாயில மருந்துன்னு வந்தா அது இதுதான். நம்ம மருந்து அவுகளுக்குக் களிம்பு, மாத்திரை, ஊசி. இது தெரியாம ஒருத்தரும் எம் வார்டுல கால் வைக்கக் கூடாது."

வகுப்பு முடிந்ததும் புது நர்ஸை ஒரு பழைய நர்ஸோடு சேர்த்துவிடுவார். சில வாரங்கள் இருவரும் ஒரே நோயாளியை ஒன்றாகப் பார்க்க வேண்டும். 'ஒட்டு டூட்டி' என்று நாங்கள் கிண்டல் செய்வோம். கிண்டல் செய்தாலும் அதன் அருமை எங்களுக்குத் தெரியும்.

அந்த வருடம் தீபாவளி சீசனுக்கு முன்னால் நிர்வாகி இரண்டையும் நிறுத்தினார். "ஒரு ஆள் வேலைக்கு எதுக்கு மேடம் ரெண்டு ஆள்? சேர்ந்த அன்னைக்கே டூட்டியில போடுங்க. கிளாஸ் எல்லாம் காலேஜ்லயே முடிச்சுட்டுத்தானே வர்றாங்க" என்றார். கம்பெனிகளில் ஆர்டர் குவிந்து, சனம் விடிந்தால் அடைந்தால் மருந்துக்குள்ளேயே கிடக்கிற மாதங்கள் அவை. வெடிக்கிற காலம் எது என்று எங்கள் வார்டுச் சுவருக்குக்கூடத் தெரியும். மேட்ரன் போராடினார், எழுதிக் கொடுத்தார், மாடிக்கும் கீழுக்கும் நடந்தார். "இந்த சீசன் மட்டும் மேடம்" என்று நிர்வாகி கெஞ்சுவதுபோல் மிரட்டினார். கடைசியில் மேட்ரன் ரோஸ்டரில் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு அவர் கழுவிய கழுவலில் சோப்பு கரைந்து போயிருக்கும்.

நீலகிரிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் புதிதாக வந்திருந்தாள். மெலிந்த உருவம், சத்தம் வராத பேச்சு, கெட்டிக்காரி. வகுப்பும் கிடையாது, கூட ஆளும் கிடையாது. ஒரு மதியம் அவசரப் பிரிவில் தனியாக நின்றாள். எம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனி ஒன்றிலிருந்து ஒருவரை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கூட வேலை பார்த்தவர்கள் பிழைத்ததே பெரிது என்கிற மாதிரி விபத்து. அதற்கு இவருக்குக் காயம் கொஞ்சம்தான். வலது கையிலும் நெஞ்சிலும் சாம்பல் நிறத்தில் ஏதோ திட்டுத்திட்டாக அப்பியிருந்தது.

அவர் சொன்னது இது. "மேலெல்லாம் மருந்து இருக்கு சிஸ்டர். பாத்துத் தொடுங்க."

வேறு எங்கேயோ களிம்பு தடவி அனுப்பியிருக்கிறார்கள், அதைக் கலைக்க வேண்டாம் என்கிறார் என்று அவள் புரிந்துகொண்டாள். எந்த ஊர்க்காரியும் அப்படித்தான் புரிந்துகொள்வாள், எங்கள் ஊர்க்காரி தவிர. அதைக் கழுவாமல், சுத்தமான துணியை மேலே சுற்றி, வலி ஊசி போட்டு, டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் வந்தார். "மருந்து போட்டிருக்காங்க சார்" என்றாள். அவர் கட்டைப் பிரிக்கவே இல்லை. வெளியில் தெரிந்த காயத்தைப் பார்த்து எழுதிவிட்டுப் போய்விட்டார். நோயாளியோ, மருந்து இருக்கிறது என்று சொல்லியாச்சே, ஆஸ்பத்திரிக்காரர்களுக்குத் தெரியாததா என்று பேசாமல் படுத்துக்கொண்டார். மறுநாள் காலை வார்டில் அந்தக் கட்டை நான் பிரித்தேன். வெடிமருந்து வியர்வையில் ஊறி, சதையை அரித்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. அந்தக் கையில் இரண்டு விரல்கள் அதன்பிறகு மடங்கவில்லை.

நிர்வாகியின் அறையில் விசாரணை. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அந்தப் பெண்ணை நிற்க வைத்திருந்தார்கள். மேட்ரன் உள்ளே வந்தார், பார்த்தார், தனக்குப் போட்டிருந்த நாற்காலியை இழுத்து அவளை அதில் உட்கார வைத்தார். அவள் உட்கார்ந்ததும்தான் அழ ஆரம்பித்தாள்.

"இந்தப் பொண்ணை இன்னைக்கே அனுப்பிடலாம் மேடம்" என்றார் நிர்வாகி. "ஒரு ஆளை எடுத்துட்டோம்னு சொன்னாத்தான் அந்த ஃபேமிலி சமாதானம் ஆகும். கேர்லெஸ்னு நீங்க ரிப்போர்ட் மட்டும் கொடுங்க."

"பேசண்டைப் போயிப் பாத்தீகளா?"

"அது என் வேலை இல்லையே மேடம்."

"இந்தப் பிள்ளைகிட்ட என்ன நடந்துச்சுன்னு கேட்டீகளா?"

"கேக்க என்ன இருக்கு?"

மேட்ரன் அந்த அறையோடு சேர்ந்திருந்த பாத்ரூமுக்குள் போனார். குழாய் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. நிர்வாகி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். ஈரக் கையோடு திரும்பி வந்து மேசை முன்னால் நின்றார்.

"பாக்கல, கேக்கல, வைத்தியம் மட்டும் சொல்றீக. புண்ணு ஒரு எடத்துல இருக்கு, கட்டு வேற எடத்துல போடுறீக. இந்தப் பிள்ளைய அனுப்பிட்டு நாளைக்கு இன்னொரு பிள்ளைய அதே எடத்துல தனியா நிப்பாட்டுவீக. அவளும் மருந்துன்னா களிம்புன்னுதான் நெனைப்பா."

"அப்ப யார் மேலதான் தப்பு?"

"வார்டுல ஒரு டாக்டர் அளவு தப்பா எழுதுனா, நான் ஊசி போட மாட்டேன். எந்தக் கொம்பன் எழுதினாலும் போட மாட்டேன். முப்பது வருசமா நர்ஸுகளுக்கு அதைத்தான் சொல்லிக் குடுத்தேன். நீங்க தப்பா எழுதுனீக, நான் போட்டுட்டேன். ரோஸ்டர்ல கையெழுத்து என்னோடது. எழுதிக்கங்க."

நிர்வாகியின் முகத்தில் அந்த நேரம் தெரிந்தது நிம்மதி. ஆத்தாடி, எவ்வளவு பெரிய நிம்மதி! ஒரு சின்ன நர்ஸுக்குப் பதில் பெரிய தலையே தானாக வந்து மாட்டுகிறது. "அப்ப நீங்க பொறுப்பேத்துக்குறீங்க?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். கட்டைப் பிரித்துப் பார்க்காத டாக்டரைப் பற்றி அந்த அறையில் பேச்சே வரவில்லை. ஒட்டு டூட்டியை நிறுத்தியது யார் என்ற கேள்வியும் எழவில்லை. எனக்கு நிர்வாகியை அந்தச் சுழல் நாற்காலியோடு சுற்றிவிட வேண்டும் போலிருந்தது.

மேட்ரன் நேராக வார்டுக்கு வந்தார், அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு. நோயாளியின் மனைவி கட்டில் ஓரம் நின்றிருந்தார். பட்டாசுக் கம்பெனியில் திரி கட்டுகிற வேலை, அலுமினியப் பொடி அப்பி விரல் எல்லாம் வெள்ளியாய் மினுங்கியது. மேட்ரன் நடந்ததை மறைக்காமல் சொன்னார். "தப்பு எங்க மேலதான். ஒங்க வீட்டுக்காரரு சரியாத்தான் சொல்லியிருக்காரு. எங்களுக்குத்தான் வெளங்கல."

"நீங்க ஒத்துக்கிட்டா வெரலு மடங்கிருமா?"

"மடங்காது."

"அந்தக் கைய வச்சுத்தான் எங்க வீட்ல ஒல கொதிக்குது. நான் விட மாட்டேன். சூலக்கரைக்குப் போயி கலெக்டர்ட்ட மனு குடுப்பேன்."

"குடுங்க. கூப்பிட்டு விட்டா நான் வந்து சொல்றேன்."

பெரிய வார்த்தை அது. சொன்னது மாடிக்குப் போய்ச் சேர அதிக நேரமாகவில்லை. அந்த அம்மாள் கோபம் அடங்காமல் புது நர்ஸின் பக்கம் திரும்பினார். "ஏந்தாயி, மருந்துன்னா என்னன்னு கூடவா ஒனக்குத் தெரியாது?"

"எங்க ஊர்ல மருந்துன்னா குணமாக்குறதுதான் அக்கா" என்றாள் அவள்.

அந்த அம்மாள் தன் விரல்களைப் பார்த்துவிட்டு, "குடுத்து வச்ச ஊரு" என்றார். அதன்பிறகு அவளைத் திட்டவில்லை. மேட்ரனைத் திட்டுவதையும் நிறுத்தவில்லை. மேட்ரன் தினமும் வந்து அந்த விரல்களை நீவி மடக்கப் பழக்குவார். நீவுகிற கையைத் தள்ளிவிட மட்டும் அந்த அம்மாளுக்கு மனசு வரவில்லை.

அந்தப் பெண்ணின் வேலை தப்பியது. மேட்ரனுக்கு 'விருப்ப ஓய்வு' என்று பெயர் சூட்டினார்கள். யார் விருப்பம் என்று கேட்க ஆள் இல்லை. கலெக்டர் ஆபீசுக்குச் சாட்சி சொல்லப் போகிற மேட்ரனை எந்த ஆஸ்பத்திரி வைத்துக்கொள்ளும்?

பிரிவு உபசார விழா நடத்தினார்கள். வெட்கமே இல்லாமல் நடத்தினார்கள். டைரக்டர்களுக்கு முன்வரிசையில் சோபா. நாங்கள் மேடையை ஒட்டிய சுவரோரம் நின்றோம். நிர்வாகி மைக்கைப் பிடித்துக்கொண்டு, மேடத்தின் தலைமைப் பண்பு இந்த நிறுவனத்துக்குக் கிடைத்த வரம் என்றார். பொன்னாடை போர்த்தினார், கேடயம் கொடுத்தார், போட்டோவுக்குச் சிரித்தார். மாலை வைத்த தட்டை ஏந்திக்கொண்டு நின்றது அந்த நீலகிரிப் பெண்தான். காலை டூட்டியை முடித்துவிட்டு, ஆள் இல்லை என்று அடுத்த டூட்டியிலும் பாதி பார்த்துவிட்டு, அப்படியே மேடைக்குக் கூப்பிடப்பட்டவள். ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தாள்.

மேட்ரனைப் பேசச் சொன்னார்கள். அவர் மைக்குக்குப் போகவில்லை. அவள் கையிலிருந்த தட்டை வாங்கி மேசையில் வைத்தார்.

"காலை நீட்டு."

அவள் மிரண்டுபோய் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். பேண்ட்டின் நுனியைத் தூக்கினாள். மேட்ரன் மேடையிலேயே மண்டியிட்டார், பொன்னாடை சரிந்து தரையில் கிடந்தது. கட்டைவிரலை வைத்து அழுத்தினார், எடுத்தார். நிமிர்ந்து நிர்வாகியைப் பார்த்தார்.

"இங்கன வாங்க சார். குழி விழுந்திருக்கு. இது மேடேற எம்புட்டு நேரம் ஆகுதுன்னு நின்னு பாருங்க. பாத்துட்டு, நாற்காலியப் போடுங்க."

நிர்வாகி சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. போனை எடுத்துக் காதில் வைத்து "ஹலோ" என்று சொல்லிக்கொண்டே மேடையை விட்டு இறங்கினார். போன் அடிக்கவே இல்லை, நான் பக்கத்தில்தான் நின்றேன். சோபாவில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். மேட்ரன் எழவில்லை. அந்தக் காலைப் பிடித்தபடியே இருந்தார். நான் போய் அவர் பக்கத்தில் குனிந்து பார்த்தேன்.

குழி அப்படியே இருந்தது.